டூப்ளே வீட்டு வாசலில் ஒரு படகு

கொல்கத்தாவிலிருந்து ஹூக்ளி நதியில் வடக்கே போனால், சுமார் 40 கி.மீ.க்குள் ஐந்து ஐரோப்பிய நாடுகளின் சுவடுகள். பயணிகள் வருகிறார்கள். பணம் கரை ஏறுகிறதா?

பிரான்ஸின் கிராமப்புறத்தைப் படகில் சாய்ந்தபடி ரசிக்க விரும்புகிறவர்கள் சேன், ரோன் நதிகளுக்குப் போகிறார்கள். அதற்கு விசா வேண்டும், லட்சங்களும் வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் கொல்கத்தாவில் படகேறி வடக்கே 35 கி.மீ. போனால் போதும். மேற்குக் கரையில், வரிசை மரங்களும் கல் இருக்கைகளுமாக ஓர் அழகான நதியோரச் சாலை தென்படும். பின்னணியில் இரட்டைக் கோபுர மாதா கோயில். அதுதான் சந்திரநாகூர். 1950 வரை பிரெஞ்சு மண்.

வழியெல்லாம் வரலாறு. 1943இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்தைத் தாண்டினால் பேலூர் மடம், எதிர்க்கரையில் தட்சிணேசுவரம். பிறகு சணல் ஆலைகளின் புகைபோக்கிகள். நாட்டின் முதல் சணல் ஆலை 1855இல் இந்தக் கரையில் உள்ள ரிஷ்ராவில்தான் தொடங்கியது. அடுத்து டேனிஷ்காரர்களின் செராம்பூர், எதிரே ஆங்கிலேயரின் பாரக்பூர். சந்திரநாகூரைக் கடந்தால் டச்சுக்காரர்களின் சின்சுரா, கடைசியில் போர்த்துக்கீசிய மாதா கோயில் உள்ள பாண்டேல்.

தமிழர்களுக்கு இந்தப் பட்டியல் புதிதல்ல. நாகப்பட்டினம், தரங்கம்பாடி, புதுச்சேரி என்று சோழமண்டலக் கரையில் சிதறிக் கிடப்பது, இங்கே ஒரே ஆற்றில் அடுத்தடுத்து நிற்கிறது. 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்தே ஆங்கிலேயரிடம் விற்றது.

புதுச்சேரி உறவு

புதுச்சேரியின் கவர்னராகப் புகழ்பெற்ற டூப்ளே அதற்கு முன் பத்தாண்டுகள், 1731 முதல் 1741 வரை, சந்திரநாகூரை நிர்வகித்தவர். சாதாரண வணிகத் தலமாக இருந்த ஊரைக் கொல்கத்தாவுக்குப் போட்டியாக வளர்த்தார். ஆங்கிலேயருக்கு அது பொறுக்கவில்லை. 1757 மார்ச்சில், பிளாசிப் போருக்கு மூன்று மாதங்கள் முன்னதாக, கிளைவும் அட்மிரல் வாட்சனும் ஊரைப் பிடித்தார்கள். கோட்டை தரைமட்டமானது. ஊர் பிற்பாடு பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தாலும் பழைய செல்வாக்கு திரும்பவில்லை. டூப்ளேயின் பெயரால் வழங்கும் மாளிகை இன்று அருங்காட்சியகம்.

இந்த ஆற்றில் நடந்த மிக முக்கியமான படகுப் பயணத்துக்குப் பயணச்சீட்டே கிடையாது. 1910 பிப்ரவரியில் பிரிட்டிஷ் போலீஸ் நெருங்குகிறது என்ற தகவல் கிடைத்ததும் அரவிந்தர் இரவோடு இரவாகக் கொல்கத்தாவில் படகேறி சந்திரநாகூரில் இறங்கினார். சில வாரங்கள் ஒளிந்திருந்தபின் கொல்கத்தா துறைமுகத்திலிருந்து கப்பலில் கிளம்பி, ஏப்ரல் 4 அன்று புதுச்சேரி சேர்ந்தார். கப்பலின் பெயர் டூப்ளே. பாரதியார் 1908 முதலே அங்கே அடைக்கலம் புகுந்திருந்தார்.

சந்திரநாகூர் மக்கள் 1949இல் வாக்களித்து இந்தியாவோடு சேர விரும்பினார்கள். 1950 மே மாதம் நிர்வாகம் கைமாறியது. 1954இல் ஊர் மேற்கு வங்காளத்தோடு இணைந்தது. புதுச்சேரிபோலத் தனிப் பிரதேசமாக இருக்கும் வாய்ப்பு அதோடு போனது. தனி அந்தஸ்து இல்லாததால் பிரெஞ்சு அடையாளமும் மங்கியது.

தண்ணீரும் பணமும்

சொகுசுக் கப்பல்களுக்கு ஹூக்ளி இப்போது பழகிய பாதை. 2023 ஜனவரியில் வாரணாசியில் கிளம்பிய கங்கா விலாஸ், 36 பேருக்கான 18 அறைகளோடு கொல்கத்தா, வங்கதேசம் வழியாக 51 நாளில் திப்ருகர் போனது. தூரம் சுமார் 3,200 கி.மீ.

ஆனால் பிரான்ஸின் கால்வாய்கள்போல இங்கே நீர்மட்டம் கட்டுப்பாட்டில் இல்லை. கடலின் ஏற்றமும் இறக்கமும் சந்திரநாகூரையும் தாண்டி உள்ளே வருகின்றன. படகு எப்போது கிளம்ப வேண்டும் என்பதில் அவற்றுக்கும் பங்குண்டு. வண்டல் இன்னொரு தலைவலி. அதைக் கழுவிக் கொல்கத்தா துறைமுகத்தைக் காப்பாற்றத்தான் 1975இல் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கியது. கோடையில் அந்தத் தண்ணீரை வங்கதேசத்தோடு பங்கிட வேண்டும். 1996இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் ஆயுள் 30 ஆண்டுகள்.

கரையில் இறங்கினால் வேறு கவலை. சந்திரநாகூரில் 1875இல் எழுந்த பதிவு அலுவலகக் கட்டடம் பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிச் சிதைந்தது. அதைச் சீரமைக்க பிரெஞ்சுத் தூதரகம் ஆர்வம் காட்டியபிறகே வெளியுலகின் கண்ணில் பட்டது. முடியாத காரியமல்ல என்பதற்கு செராம்பூரே சாட்சி. அங்கே டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் மாநில அரசும் கைகோத்ததில் 1806ஆம் ஆண்டின் செயின்ட் ஓலவ் தேவாலயம் புத்துயிர் பெற்று 2016இல் யுனெஸ்கோ விருது வாங்கியது. பாழடைந்து கிடந்த டேனிஷ் விடுதியும் மீண்டும் திறக்கப்பட்டது.

சொகுசுக் கப்பல் பயணிகள் உண்பதும் உறங்குவதும் கப்பலிலேயே. சில மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு, உள்ளே பாகு ததும்பும் ஜல்பரா சந்தேஷைச் சுவைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஊருக்கு மிஞ்சுவது அந்த இனிப்பின் விலைதான். பழைய மாளிகைகளில் ஒன்றிரண்டாவது தங்கும் விடுதியானால், கட்டடமும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும்.

அதுவரை உள்ளூர்க்காரர்களின் நதிப் பயணம், ராணி காட் படித்துறையிலிருந்து எதிர்க்கரை ஜகத்தலுக்குப் போகும் சாதாரணப் படகில்தான். கட்டணம் சில ரூபாய்கள். காட்சி என்னவோ அதேதான்.