கோப்பின் இரு பிரதிகள்: மேகச் சேமிப்பு இயங்கும் முறை

அரசாங்க அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கணிப்பொறியில் எழுதப்படும் கணக்குகளும் அறிக்கைகளும் இந்நாளில் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தங்குகின்றன. ஒன்று, எழுதுபவரின் மேசைமீதுள்ள கணிப்பொறி. மற்றொன்று, தொலைவிலுள்ள சேமிப்பு நிலையம். பின்னதை மேகச் சேமிப்பு என்று வழங்குகின்றனர். இவ்விரண்டு இடங்களிலும் உள்ள கோப்புகளை எப்பொழுதும் ஒன்றுபோல் வைத்திருக்கும் வேலையை ஒரு நிரல் இடைவிடாது செய்து வருகிறது. அவ்வேலைக்கு ஒத்திசைவு என்று பெயர். கள அலுவலரும் ஆசிரியரும் இதனை நாள்தோறும் உபயோகித்து வருகின்றனர். எனினும், அஃது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறியாமையால், பல மாதங்கள் உழைத்துத் திரட்டிய விவரங்களை ஒரு நொடியில் இழக்க நேர்வதும் உண்டு. ஒத்திசைவு வேறு, பாதுகாப்புப் பிரதி வேறு என்னும் உண்மையைத் தெளிவாக அறிந்தவர்க்கு இவ்விழப்பு நேராது.

மேகம் என்பது யாது?

மேகம் என்ற சொல்லைக் கேட்ட மாணவர், கோப்புகள் ஆகாயத்தில் எங்கோ மிதப்பதாக எண்ணக்கூடும். உண்மையில் அவை பூமியின்மீது எழுப்பப்பட்ட கட்டடங்களில், வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட கணிப்பொறிகளின் வட்டுகளில் பதிந்துள்ளன. இத்தகைய கட்டடத்தைத் தரவு மையம் என்பர். இந்நாட்டில் தேசியத் தகவலியல் மையம் தில்லி, புனே, ஐதராபாத், புவனேசுவரம் ஆகிய நகரங்களில் தேசியத் தரவு மையங்களை நடத்தி வருகிறது. 'மேகராஜ்' என்னும் அரசாங்க மேகத் திட்டத்தின்கீழ் அம்மையத்தின் சேவை 2014-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தனியார் துறையில் டிராப்பாக்ஸ் 2008-ஆம் ஆண்டிலும், கூகிள் டிரைவ் 2012-ஆம் ஆண்டிலும் பொதுமக்களின் உபயோகத்திற்கு வந்தன. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சேவை 2014 முதல் ஒன்டிரைவ் என்ற பெயரால் வழங்குகிறது.

மூன்று பட்டியல்கள்

ஒரு பள்ளியில் தளவாடப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதன் பிரதி வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இருக்கிறது. இரண்டும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்பது விதி. ஒரு நாள் ஒப்பிட்டுப் பார்க்கையில், அலுவலகப் பிரதியில் காணப்படும் ஒரு தராசு பள்ளிப் பதிவேட்டில் காணப்படவில்லை என்று கொள்வோம். இதற்கு இரண்டு காரணங்கள் இருத்தல் கூடும். அலுவலகத்தார் அதனைப் புதிதாகச் சேர்த்திருக்கலாம்; அல்லது, பள்ளியார் அதனை நீக்கியிருக்கலாம். இரு பதிவேடுகளை மட்டும் எத்தனை முறை புரட்டினாலும் எது உண்மை என்பது விளங்காது. சென்ற முறை இருவரும் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்ட பட்டியல் ஒன்று இருப்பின் ஐயம் உடனே நீங்கும். அப்பட்டியலில் தராசு இருந்தால், பள்ளியார் நீக்கினர் என்பது தெளிவு. இல்லாவிடில், அலுவலகத்தார் சேர்த்தனர் என்பது தெளிவு.

ஒத்திசைவு நிரலும் இவ்வாறே மூன்று பட்டியல்களைக் கொண்டு வேலை செய்கிறது. முதலாவது, கணிப்பொறியில் இப்பொழுது உள்ள கோப்புகளின் பட்டியல். இரண்டாவது, சேமிப்பு நிலையத்தில் இப்பொழுது உள்ளவற்றின் பட்டியல். மூன்றாவது, இரண்டும் கடைசியாக ஒத்திருந்த நிலையைக் காட்டும் பட்டியல். டிராப்பாக்ஸ் நிறுவனத்தார் தம் நிரலைப் புதிதாக எழுதியபொழுது இம்மூன்று பட்டியல்களையே அதற்கு அடிப்படையாகக் கொண்டனர். மூன்றும் ஒன்றாகும் வரை நிரல் ஓய்வதில்லை.

மாறுதலைக் கண்டறிதல்

கோப்புறையில் ஏதேனும் ஒரு கோப்பு எழுதப்பட்டாலும், பெயர் மாற்றப்பட்டாலும், அழிக்கப்பட்டாலும் கணிப்பொறியின் இயக்க முறைமை அச்செய்தியை ஒத்திசைவு நிரலுக்கு அறிவிக்கிறது. எனவே, நிரல் எல்லாக் கோப்புகளையும் ஓயாமல் படித்துக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. அறிவிப்புக் கிடைத்ததும், உள்ளடக்கம் மெய்யாகவே மாறியுள்ளதா என்பதை அது சோதிக்கிறது. இதற்குக் கோப்பின் 'விரல் ரேகை' உதவுகிறது. கோப்பிலுள்ள எல்லா எழுத்துகளையும் ஒரு கணித முறைக்கு உட்படுத்தி, குறித்த நீளமுள்ள ஓர் எண்ணைப் பெறுகின்றனர். எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் இவ்வெண் 256 இரும இலக்கங்கள் கொண்டதாக அமையும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இவ்வெண் முற்றிலும் வேறாகிவிடும். வேறு வேறான இரு கோப்புகளுக்கு ஒரே எண் அமைவது நடைமுறையில் நிகழாதது என்று கொள்ளலாம்.

துண்டுகளாக அனுப்புதல்

பெரிய கோப்பு ஒன்றில் சிறு திருத்தம் செய்யப்படும்பொழுது அதனை முழுவதும் மீண்டும் அனுப்புவது வீண். ஆதலின், கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து, துண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விரல் ரேகை எடுக்கின்றனர். டிராப்பாக்ஸ் முறையில் ஒரு துண்டின் அளவு 4 மெகாபைட் ஆகும். 40 மெகாபைட் அளவுள்ள கோப்பு பத்துத் துண்டுகளாகிறது. அதில் ஒரு துண்டு மட்டும் மாறியிருப்பின், அதனை மட்டும் அனுப்பினால் போதும். நொடிக்கு 1 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் முழுக் கோப்பையும் அனுப்ப ஏறத்தாழ 320 நொடிகள் செல்லும். ஒரு துண்டை அனுப்ப 32 நொடிகளே போதும். இணைப்பு மெதுவாக உள்ள கிராமங்களில் இவ்வேறுபாடு மிகவும் பயனுடையது.

எனினும், இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கோப்பின் தொடக்கத்தில் ஒரு வரியைப் புதிதாகச் சேர்த்தால், அதன்பின் உள்ள எழுத்துகள் யாவும் இடம் பெயர்கின்றன. எல்லாத் துண்டுகளும் மாறியவைபோல் தோன்றுகின்றன. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் ஆகிய இருவரும் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்-சின்க் என்னும் முறை இதற்குத் தீர்வு கண்டது. பழைய துண்டு புதிய கோப்பில் எந்த இடத்திற்கு நகர்ந்திருந்தாலும் அதனைத் தேடிக் கண்டுபிடிக்க அம்முறையில் வழியுண்டு.

இருவர் திருத்தும்பொழுது

மண் பரிசோதனை விவரங்கள் அடங்கிய கோப்பு ஒன்றின் ஏழாம் பதிப்பைக் கள அலுவலர் ஒருவர் தம் கணிப்பொறியில் எடுத்துச் செல்கிறார். இணைப்பில்லாத கிராமத்தில் இருந்தபடி அதில் புதிய எண்களைச் சேர்க்கிறார். அதே நாளில் அலுவலகத்தில் உள்ள உதவியாளரும் அக்கோப்பைத் திருத்துகிறார். உதவியாளரின் திருத்தம் முதலில் நிலையத்தை அடைந்து எட்டாம் பதிப்பாகிறது. மாலையில் அலுவலரின் கணிப்பொறி இணைப்புப் பெற்று, ஏழாம் பதிப்பின்மீது செய்த திருத்தத்தை அனுப்ப முயல்கிறது. நிலையத்தில் எட்டாம் பதிப்பு இருப்பதைக் கண்டு, முரண்பாடு நேர்ந்தது என்பதை நிரல் உணர்கிறது.

இருவர் எழுதியவற்றுள் எது சரி என்று தீர்மானிக்கும் அறிவு நிரலுக்கு இல்லை. ஆகவே, பல சேவைகள் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றன் பெயருடன் கணிப்பொறியின் பெயரையோ 'முரண்பட்ட பிரதி' என்னும் குறிப்பையோ சேர்த்து விடுகின்றன. இத்தகைய பெயருள்ள கோப்பைக் கண்டவர் அதனை வேண்டாதது என்று எண்ணி அழித்துவிடக் கூடாது. ஒருவருடைய ஒரு நாள் உழைப்பு அதில் மட்டும் இருக்கக்கூடும். இரண்டையும் திறந்து வைத்து, ஒப்பிட்டு, ஒன்றாக்கிய பின்னரே நீக்குதல் வேண்டும்.

பெயர் மட்டும் உள்ள கோப்பு

கணிப்பொறியில் இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, கோப்பின் பெயரை மட்டும் காட்டி, உள்ளடக்கத்தை நிலையத்திலேயே வைத்திருக்கும் வசதி இப்பொழுது பரவலாக உள்ளது. ஒன்டிரைவில் இவ்வசதி 2017-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. அதில் கோப்பின் அருகே நீல நிற மேகக் குறி காணப்பட்டால், உள்ளடக்கம் இக்கணிப்பொறியில் இல்லை என்று பொருள். பச்சை வட்டத்தினுள் வெள்ளை நிறச் சரிக்குறி காணப்பட்டால், கோப்பு எப்பொழுதும் இங்கேயே இருக்கும் என்று பொருள். பயணம் புறப்படுமுன் வேண்டிய கோப்புகளை இவ்விரண்டாம் நிலைக்கு மாற்றிக்கொள்ளாத அலுவலர், களத்தில் இணைப்பில்லாத இடத்தில் பெயரைக் காண்பாரேயன்றிக் கோப்பைத் திறக்க இயலாது.

அழிவும் பரவும்

இரு பிரதிகளையும் ஒன்றுபோல் வைப்பதே ஒத்திசைவின் கடமை. எனவே, திருத்தம் எவ்வாறு பரவுகிறதோ அவ்வாறே அழிவும் பரவுகிறது. கணிப்பொறியில் இடமில்லை என்று எண்ணி ஒருவர் கோப்புறையை அழித்தால், நிலையத்திலிருந்தும், அதனைப் பகிர்ந்துகொண்ட பிறரின் கணிப்பொறிகளிலிருந்தும் அது மறையக்கூடும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல் புகுந்தாலும், பூட்டப்பட்ட பிரதியையே நிரல் உண்மையுடன் மேலே அனுப்பும். அழிக்கப்பட்டவை சில காலம் குப்பைத் தொட்டியில் இருக்கும். கூகிள் டிரைவிலும், தனி நபருக்கான ஒன்டிரைவிலும் இக்காலம் 30 நாள்கள். அதற்குள் தவறு தெரிய வந்தால் மீட்கலாம். ஆண்டிற்கு ஒரு முறை மட்டும் திறக்கப்படும் கணக்காயின், இழப்பு தெரியவரும்பொழுது காலம் கடந்திருக்கும்.

சேமிப்பு நிலையமும் அழிவிற்கு அப்பாற்பட்டதன்று. தென்கொரியாவின் தேஜான் நகரிலுள்ள தேசியத் தகவல் வள நிலையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று மின்கலங்களில் தோன்றிய தீ பரவியது. அரசாங்க அலுவலர் தத்தம் வேலைக் கோப்புகளை வைத்திருந்த 'ஜி-டிரைவ்' என்னும் சேமிப்பு அமைப்பு அதில் அழிந்தது. அதிலிருந்த 858 டெராபைட் விவரங்களுக்கு வேறிடத்தில் பிரதி வைக்கப்படவில்லை. அலுவலரின் கணிப்பொறிகளிலும், மின்னஞ்சல்களிலும், அச்சிட்ட தாள்களிலும் எஞ்சியிருந்தவற்றைத் தேடித் திரட்ட வேண்டியதாயிற்று.

கடைப்பிடிக்க வேண்டியவை

முக்கியமான கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் இருத்தல் நலம். அவை இரு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறு கட்டடத்தில் இருத்தல் வேண்டும். வாரம் ஒரு முறை தனி வட்டு ஒன்றில் பிரதி எடுத்து, எடுத்த பின் அதனைக் கணிப்பொறியிலிருந்து கழற்றி வைத்தல் வேண்டும். இணைந்தே இருக்கும் வட்டைத் தீய நிரல் எளிதில் தாக்கும். எடுத்த பிரதியை அவ்வப்போது திறந்து பார்ப்பதும் அவசியம். பலர் எழுதும் விவரங்களை ஒரே கோப்பில் சேர்க்காமல், ஊர்வாரியாகத் தனித்தனிக் கோப்புகளில் எழுதினால் முரண்பாடு குறையும். அரசாங்கத்தின் உள் விவரங்களையும் இரகசிய விவரங்களையும் தனியார் மேகச் சேமிப்பில் வைக்கலாகாது என்று 2022-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்க ஊழியருக்கு விதிக்கப்பட்டதையும் மறத்தல் கூடாது.

ஆசிரியர்கள் இவ்விஷயத்தை வகுப்பில் எளிதில் செய்து காட்டலாம். ஒரே சேமிப்புடன் இணைந்த இரு கணிப்பொறிகளில் சோதனைக் கோப்பு ஒன்றை வைத்து, இரண்டிலும் இணைப்பைத் துண்டித்து, வெவ்வேறு வரிகளை எழுதச் செய்து, பின்னர் இணைப்பைத் தரவேண்டும். முரண்பாடு தோன்றுவதை மாணவர் கண்ணாரக் காண்பர். அடுத்து, ஒரு கணிப்பொறியில் கோப்பை அழிக்கச் செய்தால் மற்றதிலும் அது மறையும். முன்னரே கழற்றி வைத்த வட்டிலிருந்து அக்கோப்பை மீட்டுக் காட்டினால், பாதுகாப்புப் பிரதியின் பயன் மாணவர் உள்ளத்தில் நன்கு பதியும்.