கரையை அளக்கும் கல்வி

கடற்கரையிற் பிறந்த மாணவர் ஆராய்ச்சிக்குரிய பொருளைத் தேடித் தூரதேசம் செல்லவேண்டிய அவசியமில்லை. கல்முனையிலிருந்து தெற்கே பொத்துவில் வரை நீளும் கரையோரம், சுற்றாடலியல் பயிலும் பட்டப்பின்படிப்பு மாணவர்க்கு வேண்டிய வினாக்களைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

ஒலுவில் துறைமுகம் இதற்குச் சான்றாகும். 2013ஆம் ஆண்டிற் திறந்துவைக்கப்பட்ட இத்துறைமுகத்தின் அலைதடுப்பு அணைகள் கடலினுள் நீண்டு நிற்கின்றன. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், இக்கரையின் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே நகர்கின்றது. அணைகள் அதனை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. மணல் வரவை இழந்த வடகரையைக் கடல் அரித்தது. தென்னைகள் வீழ்ந்தன. தோணிகளை ஏற்றிவைக்கவும் கரைவலை இழுக்கவும் இடம் குறுகியது. துறைமுக வாயிலையும் மணல் அடைத்தது.

இனிக் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதே அங்கு வாழ்வோரின் கவலை. ஊகத்தினால் இதற்கு விடை கூறல் இயலாது, அளவைகள் வேண்டும். லான்ட்சாட் செய்மதியின் படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவற்றில் 30 மீற்றர்ச் சதுரம் ஒரு புள்ளியாகவே தோன்றும். அதனினும் குறைந்த அரிப்பை அறிய, மாதந்தோறும் அளவுகோலுடன் கரையிலே நடத்தல் வேண்டும். பயணத்திற்கும் கருவிக்கும் உதவியாளர் கூலிக்கும் பணம் தேவைப்படுவது இவ்விடத்திலேயாம்.

தேசிய விஞ்ஞான மன்றம் ஆராய்ச்சி மானியங்களை வழங்குகின்றது. இத்தகைய மானியத்திற்குப் பெரும்பாலும் விரிவுரையாளர் ஒருவரே விண்ணப்பிப்பார். மாணவர் அவரின்கீழ் ஆராய்ச்சி உதவியாளராகி, உயர்பட்டத்திற்கும் பதிவுசெய்துகொள்ளலாம். ஆதலின், தகுந்த விரிவுரையாளரை நாடுவதே முதற்படி. 1996இற் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலேயே அமைந்திருப்பது இவ்வகையில் ஒரு பெரும் வசதி. உயிரினங்களையும் அவற்றின் வாழிடங்களையும் பேண விரும்புவோர்க்குப் பிரித்தானியாவின் ரஃபோர்ட் நிதியம் சிறு உதவி நல்குகின்றது. அது களப்பணிக்கேயன்றிக் கல்விக் கட்டணத்திற்கு அன்று. பிரித்தானியாவிற் பயில விழைவோர்க்கு 1959இல் வகுக்கப்பட்ட பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் உண்டு.

நிதி வழங்குவோர் முதலில் நோக்குவது வினாவின் தெளிவையே. “கிழக்கிலங்கையின் சுற்றாடல் மாற்றங்கள்” என்பது தலைப்பாகலாம், வினாவாகாது. “துறைமுகத்திற்கு வடக்கேயுள்ள இரண்டு கிலோமீற்றர்க் கரை, எம்மாதங்களில் எவ்வளவு மணலை இழக்கின்றது?” என்பது வினா. அதனுள்ளேயே முறையும் காலமும் செலவும் அடங்கியிருக்கின்றன.

விண்ணப்பம் ஆராயப்பட்டுப் பணம் கைக்கு வரப் பல மாதங்கள் செல்லும். வடகீழ்ப் பருவக்காற்றோ காத்திராது. அதற்கு முந்திய கரையின் நிலை அளக்கப்படாவிடின், கடல் கொண்டுசென்றது எவ்வளவு என்பதைப் பின்னர் எவராலும் கணக்கிட இயலாது. பழைய கரை எங்கிருந்தது என்பதை முதிய கடற்றொழிலாளர் விரல் நீட்டிக் காட்டுவர். அவர்தம் நினைவுடன் மாணவரின் அளவையும் சேருமாயின், கரையோரம் பேணும் திணைக்களத்தின் முன் அம்மக்கள் வைக்கும் கோரிக்கை வலுப்பெறும்.