கணினிக்குள் ஒலிக்கு வழி அமைத்தல்

நேரலை நிகழ்ச்சி ஒன்றில் நெறியாளர் ஓர் ஊரிலும் விருந்தினர் வேறோர் ஊரிலும் இருந்து இணையவழியில் உரையாடும்போது, விருந்தினரின் குரல் நேயர்களுக்குச் செல்ல வேண்டும், நெறியாளரின் ஹெட்ஃபோனுக்குச் செல்ல வேண்டும், பதிவாகிக்கொண்டிருக்கும் கோப்புக்கும் செல்ல வேண்டும். ஆனால் அதே குரல் விருந்தினரிடமே திரும்பிச் சென்றுவிடக் கூடாது. கணினியில் ஒலிக்கு வழி அமைப்பதில் எதை எங்கே இணைப்பது என்பதைவிட எதை எங்கே இணைக்காமல் விடுவது என்பதே கடினமானது; நேரலையில் நேரும் பெரும்பாலான ஒலிக் குழப்பங்கள் இந்த விலக்கைக் கவனிக்காமல் விட்டதால் நேர்பவையே.

வானொலி நிலையங்கள் இந்தச் சிக்கலைக் கணினிகள் வருவதற்கு முன்பே தீர்த்துவிட்டன. நிலையத்திலுள்ள மிக்ஸர் மேசையில், தொலைபேசியில் பேசுபவருக்கென்று தனியாக ஓர் ஒலிக்கலவை தயாரிக்கப்படுகிறது. அதில் நிகழ்ச்சியின் எல்லா ஒலிகளும் இருக்கும், அவருடைய குரல் மட்டும் இராது. ஒலிபரப்புத் துறையினர் இதை மிக்ஸ் மைனஸ் என்று அழைக்கிறார்கள். ஐந்து பேர் வெவ்வேறு இடங்களிலிருந்து பேசினால் ஐந்து தனித்தனிக் கலவைகள் தேவைப்படும், ஏனெனில் ஒவ்வொருவருக்கும் நீக்கப்பட வேண்டிய குரல் வேறு. இந்த ஏற்பாடு வெறும் சொகுசுக்கானது அன்று: தம் குரல் ஏறத்தாழ 200 மில்லிவினாடி தாமதமாகத் தம் காதில் விழும்போது, சரளமாகப் பேசுபவர்கள்கூடத் திக்கவும் சொற்களை இழுக்கவும் தொடங்குகிறார்கள் என்பதை 1950களிலிருந்தே ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். இணையவழி அழைப்பில் போய்த் திரும்பும் ஒலிக்கு ஏற்படும் தாமதமும் பல வேளைகளில் இந்த அளவை ஒட்டியே அமைகிறது.

கணினியின் ஒலி அமைப்போ முற்றிலும் வேறொரு தேவைக்காக உருவானது. பாட்டு இயக்கி, உலாவி, விளையாட்டு என்று ஒவ்வொரு மென்பொருளும் தன் ஒலியை இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. இயங்குதளம் அவை அனைத்தையும் கூட்டி ஒரே கலவையாக ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. மைக்கிலிருந்து வரும் ஒலியை, கேட்கும் மென்பொருளுக்குக் கொடுக்கிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கு இது போதுமானதுதான். ஆனால் ஒரு மென்பொருளின் ஒலியை மற்றொரு மென்பொருளுக்கு உள்ளீடாகக் கொடுக்க இந்த அமைப்பில் இயல்பாக வழி இருக்கவில்லை. பழைய சவுண்ட் கார்டுகள் சிலவற்றில் ஸ்டீரியோ மிக்ஸ் என்ற பெயரில் ஓர் உள்ளீடு இருந்தது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இதே வசதி மென்பொருள் அளவிலும் கிடைத்தது. இரண்டுமே ஸ்பீக்கருக்குப் போகும் முழுக் கலவையையும் திருப்பித் தருபவை என்பதால், அதிலிருந்து ஒருவருடைய குரலை மட்டும் பிரித்தெடுத்து நீக்க அவற்றால் இயலவில்லை.

அடுத்து வந்த தீர்வு மெய்நிகர் ஒலிக்கம்பி. இது உண்மையில் கம்பி அன்று. சவுண்ட் கார்டு போலத் தன்னை இயங்குதளத்திடம் காட்டிக்கொள்ளும் ஒரு சிறு மென்பொருள். இதை ஸ்பீக்கராகத் தேர்ந்தெடுக்கும் மென்பொருள் அனுப்பும் ஒலி கணினியின் நினைவகத்தில் ஒரு சிறு பகுதியில் எழுதப்படுகிறது. இதையே மைக்காகத் தேர்ந்தெடுக்கும் மற்றொரு மென்பொருள் அந்தப் பகுதியிலிருந்து ஒலியைப் படித்துக்கொள்கிறது. மேக் கணினிகளில் முதலில் சவுண்ட்ஃபிளவரும் 2019 முதல் பிளாக்ஹோலும், விண்டோஸில் பிரான்சைச் சேர்ந்த வின்சென்ட் பூரெலின் விபி-கேபிளும் இந்தப் பணியைச் செய்துவருகின்றன. ஒரு கம்பியால் ஓர் இணைப்பு மட்டுமே கிடைக்கும் என்பதால், வழிகள் பெருகும்போது கம்பிகளும் பெருகி, எந்த ஒலி எதன் வழியாகப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவதே இம்முறையின் குறை.

இந்தக் குறையைக் கருத்தளவில் முழுமையாக நீக்கியது லினக்ஸில் பிறந்த ஜாக் என்ற மென்பொருள். ஆர்டர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை உருவாக்கிய பால் டேவிஸ், 2000களின் தொடக்கத்தில் இதை எழுதினார். ஜாக்கின் கீழ் இயங்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் நுழைவாயில்களும் வெளிவாயில்களும் உண்டு. எந்த வெளிவாயிலையும் எந்த நுழைவாயிலோடும், ஒன்றை எத்தனையோடும் இணைக்கலாம். இணைப்புகள் முழுவதையும் ஒரே வரைபடமாகத் திரையில் காணலாம். தொழில்முறை ஒலிக்கூடங்களில் சுவர் நிறையத் துளைகளும் கம்பிகளுமாக இருந்த பேட்ச் பே என்னும் இணைப்புப் பலகை இவ்வாறு மென்பொருளாகியது. ஆயினும் ஜாக் இசைத்துறையினரின் கருவியாகவே நின்றது. பொதுப் பயனர்களின் கணினிகளில் லெனார்ட் பெட்டரிங் 2004இல் தொடங்கிய பல்ஸ்ஆடியோ இயங்கியது. ஒரே கணினியில் இவை இரண்டையும் ஒத்துப்போகச் செய்வது பயனர்களுக்குப் பெரும் தொல்லையாக இருந்தது. ரெட் ஹேட் நிறுவனத்தின் விம் டேமன்ஸ் எழுதிய பைப்வயர் அந்தப் பிளவை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஜாக்குக்காக எழுதப்பட்ட மென்பொருள்களும் பல்ஸ்ஆடியோவுக்காக எழுதப்பட்டவையும் மாற்றமின்றி இதன்மீது இயங்குகின்றன. 2021இல் வெளிவந்த ஃபெடோரா 34 இதையே தன் இயல்பான ஒலி அமைப்பாக ஏற்றது.

பைப்வயரில் மிக்ஸ் மைனஸ் அமைப்பது எவ்வாறு என்று பார்த்தால் எதை இணைக்காமல் விடுவது என்பது தெளிவாகும். நெறியாளரின் கணினியில் அழைப்பு நடக்கும் உலாவி, பாடல் ஒலிக்கும் இயக்கி, நேரலையை அனுப்பும் ஓபிஎஸ் ஸ்டுடியோ ஆகிய மூன்றும் இயங்குவதாகக் கொள்வோம். முதலில், எந்தக் கருவியோடும் சேராத ஒரு கற்பனை ஸ்பீக்கர் உருவாக்கப்படுகிறது. அதற்குள் நெறியாளரின் மைக்கும் பாட்டு இயக்கியும் மட்டும் இணைக்கப்படுகின்றன. அதில் சேரும் ஒலி உலாவிக்கு மைக்காகக் கொடுக்கப்படுகிறது. விருந்தினரின் குரலைச் சுமந்துவரும் உலாவியின் வெளிவாயில் ஹெட்ஃபோனுக்கும் ஓபிஎஸ்ஸுக்கும் நேரடியாகச் செல்கிறது, கற்பனை ஸ்பீக்கரைத் தொடுவதே இல்லை. மைக்கும் பாடலும் தனித்தனி இணைப்புகளாக ஓபிஎஸ்ஸுக்கும் போகின்றன. அவசரத்தில் பலர் செய்வது, ஹெட்ஃபோனில் கேட்கும் கலவையையே அழைப்புக்கு மைக்காகக் கொடுத்துவிடுவது. அந்தக் கலவைக்குள் விருந்தினரின் குரலும் இருப்பதால் அது அவரிடமே திரும்புகிறது.

இன்னொரு தவறு நுட்பமானது. ஒரே மைக்கின் ஒலி நேரடியாக ஒரு வழியிலும், கற்பனை ஸ்பீக்கர் வழியாக மற்றொரு வழியிலும் ஓபிஎஸ்ஸை அடைந்தால், இரண்டாவது சற்றே பிந்திவரும். இரண்டும் கூடும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பிந்துதல் 1 மில்லிவினாடியாக இருந்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று இடைவெளிவிட்டு ஒலி மறைந்து, குரல் குழாய்க்குள்ளிருந்து பேசுவது போல ஒலிக்கிறது. மைக்கை மாற்றினாலும் இது தீராது, ஏனெனில் பிழை மைக்கில் இல்லை.

அழைப்பு மென்பொருள்களிலேயே எதிரொலி நீக்கம் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அந்த நீக்கம், ஸ்பீக்கருக்கு அனுப்பப்பட்ட ஒலியை நினைவில் வைத்து, மைக்கில் அது திரும்ப வரும்போது கணித்துக் கழிக்கிறது. அதனுடன் சேர்ந்து இயங்கும் இரைச்சல் நீக்கம், மாறாமல் நீடிக்கும் ஒலியை இரைச்சல் என்று கருதி அடக்குகிறது. மனிதப் பேச்சுக்கு இவை ஏற்றவை, இசைக்குப் பகை. பெருந்தொற்றுக் காலத்தில் கர்நாடக இசை வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது இந்தப் பகை வெளிப்படையாகத் தெரிந்தது: இடைவிடாது ஒலிக்கும் தம்பூராவும் சுருதிப் பெட்டியும் இரைச்சலாகக் கருதப்பட்டு அடக்கப்பட்டன, மாணவருக்குச் சுருதி விட்டுவிட்டுக் கேட்டது. இசையை முழுமையாக அனுப்ப வேண்டுமானால் இந்த நீக்கங்களை அணைத்தாக வேண்டும். அணைத்தபின் எதிரொலியைத் தடுக்க ஹெட்ஃபோனும் சரியான மிக்ஸ் மைனஸும்தான் துணை.

வழியைப் போலவே நேரமும் முக்கியமானது. ஒலி அலையின் அளவு நொடிக்கு 48,000 முறை குறித்துக்கொள்ளப்படுகிறது. அவ்வாறு குறித்த ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி எனப்படும். கணினி அவற்றை ஒவ்வொன்றாகக் கையாளாமல் தொகுப்பு தொகுப்பாகக் கையாள்கிறது. தொகுப்பைத் தாங்கும் நினைவகப் பகுதி பஃபர். 256 மாதிரிகள் கொண்ட பஃபர் ஏறத்தாழ 5.3 மில்லிவினாடித் தாமதம் தருகிறது, ஒலி காற்றில் ஏறக்குறைய 1.8 மீட்டர் கடக்கும் நேரம் அது. 1024 மாதிரிகள் என்றால் 21.3 மில்லிவினாடி. பஃபரைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும், ஆனால் கணினி ஒரு தொகுப்பைக் காலத்தில் முடிக்கத் தவறினால் ஒலியில் வெடிப்புச் சத்தம் கேட்கும். இணையவழி அழைப்பில் ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதனோடு ஒப்பிட்டால் சில மில்லிவினாடிகளைச் சேமிப்பதற்காக நேரலையின் நம்பகத்தை இழப்பது வீண்.

ஒவ்வொரு ஒலிக்கருவிக்கும் தனிக் கடிகாரம் உண்டு என்பதையும் மறக்கலாகாது. யுஎஸ்பி மைக்கும் ஹெட்ஃபோனும் நொடிக்கு 48,000 என்றே சொன்னாலும், அவற்றின் படிகங்கள் துல்லியமாக ஒத்துத் துடிப்பதில்லை. பத்து லட்சத்தில் 100 பங்கு வேறுபாடு இருந்தால் ஒரு மணி நேரத்தில் 0.36 நொடி விலகல் சேரும். சரிசெய்யாவிட்டால் பஃபர் நிரம்பி வழியும் அல்லது வறண்டுபோகும், இடையிடையே ஒலி அறுபடும். பைப்வயர் ஒரு கருவியின் கடிகாரத்தைத் தலைமையாகக் கொண்டு, மற்றவற்றின் மாதிரிகளைத் தொடர்ந்து கணக்கிட்டு மாற்றிக்கொள்கிறது. மேக்கில் பல கருவிகளை ஒன்றாகச் சேர்க்கும்போது இந்தத் திருத்தத்தைப் பயனரே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அமைத்த வழிகளை ஒரு கோப்பாகச் சேமித்துவைக்க கியூபிடபிள்யூகிராஃப் போன்ற இலவச மென்பொருள்கள் இடம் தருகின்றன. நிகழ்ச்சிக்கு முன் நெறியாளர்கள் இன்னொரு கைப்பேசியிலிருந்து விருந்தினராகத் தம் அழைப்பிலேயே சேர்ந்து, அந்த முனையில் பேசிப் பார்த்து, தம் குரல் திரும்பி வரவில்லை என்பதையும் பாடல் தெளிவாகக் கேட்கிறது என்பதையும் உறுதிசெய்துகொண்ட பின்னரே நேரலையைத் தொடங்க வேண்டும்.