கடைக் கணக்கும் மொய்க் கணக்கும்



"கடன் அன்பை முறிக்கும்" என்று கடையில் எழுதி மாட்டுகிறோம். அதன் கீழேயே பங்காளியும் மாமன் மச்சானும் நின்று, "சிட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். வியாபாரி என்ற முறையில் பாக்கியைக் கேட்டாக வேண்டும். உறவினர் என்ற முறையில் கேட்க வாய் வருவதில்லை. ஒரே ஆளிடம் இரண்டு கடமைகள் மோதுகின்றன.

அமெரிக்க சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1957-ல் இத்தகைய மோதலை ஆராய்ந்தார். ஒருவரிடம் ஆற்றும் பொறுப்பை மற்றவர் பார்வையில் படாமல் பிரித்து வைப்பது, ஒரே நிலையில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்பது ஆகியவை அவர் எடுத்துக் காட்டிய வழிகளில் சில.

நம் பகுதி மக்கள் இதை ஏட்டில் படிக்காமலே செய்து வருகிறார்கள். ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பகுதிகளிலும், தஞ்சை மாவட்டம் பேராவூரணிப் பக்கத்திலும் ஆடி, ஆவணியில் நடைபெறும் மொய் விருந்தே அதற்குச் சான்று. பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. பணம் கொடுப்பவர் விருந்தாளி. வாங்குபவர் விருந்து வைப்பவர். ஆனாலும் ஒவ்வொரு ரூபாயும் நோட்டில் ஏறிவிடுகிறது. ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒரு முறை வரும் சுற்றில், வாங்கியதைத் திருப்பி, மேலே புது மொய்யும் சேர்த்துச் செய்கிறார்கள். மரியாதை பந்தியில், கணக்கு நோட்டில்.

சிக்கல் விருந்துக்குச் சரக்குக் கொடுக்கும் மளிகை வியாபாரிக்குத்தான். அவர் மொய் செய்ய வேண்டியவரும் ஆவார். "மொய்யில் கழித்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். கழித்தால் இரு கணக்கும் குழம்பும். "அடுத்த விருந்தில் தருகிறேன்" என்றால் அதைவிட ஆபத்து. தவணை பேசாமல் விற்ற சரக்கின் விலைக்கு, 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, சரக்கு கொடுத்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். மொய்யின் சுற்றோ ஐந்தாண்டு! விருந்தை நம்பிப் பாக்கியை விடவும் முடியாது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த பின், மறு ஆண்டு மொய் வரவே குறைந்துபோனது.

ஆகவே மூன்று வழிகளைக் கடைப்பிடிப்போம்.

1. மொய்யை வீட்டு நோட்டிலும், பாக்கியைக் கடைப் பேரேட்டிலும் எழுதுங்கள். ஒன்றில் மற்றதைக் கழிக்காதீர்கள்.

2. கெடு முடியுமுன் பாக்கிதாரரிடம் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். அன்று முதல் மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும்.

3. கடன் அளவை ஊர் வியாபாரிகள் கூடி முடிவு செய்யுங்கள். "சங்கத்தின் முடிவு" என்று சொன்னால் உறவினருக்கும் மனத்தாங்கல் வராது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. கணக்கைப் பிரித்து வைப்பது உறவைப் பிரிப்பதாகாது. உறவு நிலைக்க அதுவே வழி.