முதுகு வலியும் முழங்கைச் செதிலும் ஒரே சீட்டில்

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் முதுகு வலி என்றால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மண் மூட்டை தூக்குகிறவருக்கும், நாள் முழுக்கக் குனிந்து அகல் விளக்கு செய்கிறவருக்கும் வலிக்கத்தானே செய்யும் என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அதே ஆளின் முழங்கையில் வெள்ளைச் செதில் உதிரும். காதுக்குப் பின்னால் தடிப்பு இருக்கும், நகத்தில் குண்டூசி குத்தினாற்போல் குழிகள் இருக்கும். அதற்கு வேறு கடை, வேறு களிம்பு. இரண்டையும் ஒரே மருத்துவரிடம் சொன்னவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தச் செதில் சொரியாசிஸாக இருக்கலாம். காளாஞ்சகப் படை என்பார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய் அது, ஒட்டிக்கொள்ளாது. சொரியாசிஸ் உள்ள 100 பேரில் 30 பேருக்கு வரை மூட்டு வாதம் வரலாம். அவர்களில் சிலருக்கு அது முதுகெலும்பிலும், முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டிலும் இறங்கும். வலி புட்டம் வரை பரவுவதால் 'நரம்பு நசுங்கிவிட்டது, டிஸ்க்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நரம்பு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், வீங்கியிருப்பது மூட்டு.

சுமை தூக்கி வந்த வலி படுத்தால் குறையும். இந்த மூட்டு வாத வலி படுத்தால் கூடும். பின்னிரவில் எழுப்பிவிடும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு மரக்கட்டையாக இருக்கும், நடமாடினால் இளகும். 45 வயதுக்குள் மெல்லத் தொடங்கி மூன்று மாதம் தாண்டிய வலி என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

அரசு மருத்துவமனைக்குப் போனால் புறநோயாளி சீட்டில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்: தோலில் செதில், காலையில் முதுகு இறுக்கம். தோல் பிரிவு ஒரு நாள், எலும்புப் பிரிவு ஒரு நாள் என்று அலையவிட்டு, ஒரு சீட்டை இன்னொருவர் பார்க்காமலே அனுப்பிவிடும் வழக்கம் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. பழைய சீட்டுகளை உறையில் போட்டு எடுத்துப் போங்கள். மூட்டுவாத நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் இதற்கெனத் தனித் துறையே இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டும் அதில் சேருமா என்று கேளுங்கள். முதுகை மட்டும் எடுத்தால் நோய் படத்தில் சிக்காமல் போகலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம், அதை நம்பித் திரும்பிவிடாதீர்கள்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் கொண்டு கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். நோய் முற்றியபின் சான்றுக்கு அலையாமல் இப்போதே வாங்கி வையுங்கள். உங்களுக்கு எழுதும் சிகிச்சை திட்டத்தில் வருமா என்று சேரும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலிருந்தே பரிந்துரை கிடைக்கும்.

மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ வேண்டாம். நாலு நாள் சுகமாக இருக்கும். நிறுத்தியதும் சொரியாசிஸ் சீழ்க் கொப்புளமாக உடம்பெங்கும் வெடிக்கலாம். மறுபடியும் சொல்கிறேன், கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

கால் மரத்து, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தானாகப் போனாலோ அது வேறு ஆபத்து. அப்போது நரம்பு நிஜமாகவே நசுங்கியிருக்கலாம். சீட்டு, அட்டை எதற்கும் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.