ஸ்போர்ட்ஸ் காருக்குப் பனிக்கால டயர்: ரெண்டு போதுமா, நாலும் வேணுமா?

நவம்பர் பிறந்துவிட்டால் கனடாவின் டொரன்டோவில் டயர் கடைகளில் நிற்க இடமிருக்காது. இலங்கைத் தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்கார்பரோ பகுதியிலும் இதே கதைதான். அங்கே ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு இளைஞர் கேட்கும் கேள்வி இது:

"அண்ணை, இந்தக் கார் பின் சில்லிலதானே ஓடுது. பின்னுக்கு மட்டும் ரெண்டு வின்டர் டயர் போட்டாக் காணாதா?"

"காணாது தம்பி. ஓடுறதுக்குப் பின் சில்லு, சரி. நிக்கிறதுக்கு?"

சில்லு என்றால் சக்கரம். கடைக்காரர் திருப்பிக் கேட்கும் அந்த ஒரு கேள்வியில்தான் மொத்த விஷயமும் அடங்கியிருக்கிறது.

முதல் வேலை, கையில் நாலு காசு சேர்ந்ததும் ஆசைப்பட்ட கார். டொயோட்டா ஜிஆர்86, மாஸ்டா எம்எக்ஸ்-5, ஃபோர்டு மஸ்டாங் என்று இளைஞர்கள் விரும்பும் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவும் 'ரியர் வீல் டிரைவ்' வகை. இன்ஜினின் சக்தி பின்சக்கரங்களுக்கு மட்டுமே போகும். கோடையில் ஓட்டுவதற்கு இதைப்போல் சுகம் கிடையாது. பனிக்காலத்தில் அதே கார் வேறு முகம் காட்டும்.

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய் சாதாரணமாக ஊற்றும். டயர் ரப்பரிலும் இந்த வித்தியாசம் உண்டு.

ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் கோடை டயர்தான் வரும். உதாரணமாக, ஜிஆர்86 காரின் உயர்ரக மாடலில் 18 அங்குல ரிம்மில் மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4 டயர் இருக்கும். வெயிலில் அது சாலையை அப்படியே பிடித்துக்கொள்ளும். வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால், தேங்காய் எண்ணெய் போல இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பருக்குப் பிடிமானம் இல்லை. பனியே பெய்யாத வெறும் குளிர் நாளிலும் வழுக்கும். கடுங்குளிரில் கோடை டயரில் விரிசல் விழவும் வாய்ப்புண்டு.

பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும்படி தயாரிக்கப்படுகிறது. அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவற்றின் ஓரங்கள் பனியைக் கவ்விப் பிடிக்கும்.

ஏன் நாலும் வேண்டும்?

ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கைகள்தான் ஆயிரத்து முந்நூறு கிலோ காரையும் அதற்குள் இருப்பவர்களையும் தாங்கிப் பிடிக்கின்றன. புறப்படுவது, திரும்புவது, நிறுத்துவது மூன்றும் அங்கேதான் நடக்கின்றன.

பின்னால் மட்டும் பனிக்கால டயர் போட்டால் கார் நன்றாகப் புறப்படும். 'பிரச்னை தீர்ந்தது' என்ற தைரியமும் வந்துவிடும். ஆனால் காரைத் திருப்புவது முன்சக்கரம். பிரேக் அடிக்கும்போது காரின் பாரம் முன்னால் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கும் முன்சக்கரத்துக்குத்தான். அங்கே இறுகிப்போன கோடை டயர் இருந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகும். சிக்னலில் பிரேக்கை மிதித்தாலும் வழுக்கிக்கொண்டே போகும்.

முன்னால் மட்டும் போட்டால் நிலைமை இன்னும் மோசம். முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் பிரேக் அடித்த நொடியில் காரின் வால் சுழன்று முன்னால் வந்துவிடும்.

'காரில் எலெக்ட்ரானிக் கன்ட்ரோல் எல்லாம் இருக்கிறதே' என்று சிலர் சொல்வார்கள். இருக்கிற பிடிமானத்தைச் சரியாகப் பங்கிட அது உதவும். இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பனிக்கால டயரைக் கட்டாயமாக்கும் சட்டம் 2008-ல் நடைமுறைக்கு வந்தது. இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பதிவான கார்களில் நான்கு சக்கரத்திலும் அது இருக்க வேண்டும். மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால், பனிக்கால டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்ற விதி 2016 முதல் அங்கே உண்டு.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் டயரின் பக்கவாட்டில் உள்ள முத்திரை. மூன்று சிகரம் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்கே அந்த முத்திரை. 'எம்+எஸ்' என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. அது டயரின் வரிவடிவத்தைக் குறிக்கிறதே தவிர, சோதனையில் தேறியதற்குச் சான்று அல்ல. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் பனிக்காலச் சாலைகளுக்கு மலை முத்திரை உள்ள டயர்தான் செல்லும்.

அடுத்தது, எந்த ஊர், எந்தச் சாலை என்பது. பனிக்கால டயரில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஒன்று, மிஷ்லின் பைலட் ஆல்பின் போன்ற 'பெர்ஃபார்மன்ஸ்' வகை. ஸ்டீயரிங்குக்கு உடனே பணியும், அதிக வேகம் தாங்கும். தினமும் பனி அள்ளி உப்புத் தூவப்படும் நெடுஞ்சாலையிலேயே ஓடும் காருக்கு ஏற்றது. இன்னொன்று, பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக், மிஷ்லின் எக்ஸ்-ஐஸ், நோக்கியன் ஹக்கபெலீட்டா ஆர்5 போன்ற, ஐஸ் பிடிக்கும் வகை. உலர்ந்த சாலையில் கொஞ்சம் கொழகொழவென்று இருப்பது போலத் தோன்றும். ஆனால் உறைந்த சந்திலும் வழுக்கும் சிக்னலிலும் காப்பாற்றுவது இதுதான். வீட்டுத் தெருவில் பனி அள்ளும் வண்டி தாமதமாகத்தான் வரும் என்றால், ரியர் வீல் டிரைவ் காருக்கு இரண்டாவது வகையே நல்லது.

மூன்றாவது அளவு. இங்கே ஸ்போர்ட்ஸ் கார் ஆசைக்குக் கொஞ்சம் கடிவாளம் போட வேண்டும். அகலமான டயர் பார்க்க அழகு. ஆனால் பனியின் மேல் அது மிதக்கப் பார்க்கும். குறுகிய டயர் பனியை வெட்டிக்கொண்டு இறங்கும். ரிம் ஒரு அங்குலம் சிறிதானால் டயரின் பக்கச்சுவர் உயரமாகும். பனி மறைத்த பள்ளத்தில் விழுந்தாலும் ரிம் வளையும் ஆபத்து குறையும்.

ஜிஆர்86 உயர்ரக மாடலின் 215/40ஆர்18 டயருக்குப் பதில், சாதாரண மாடலில் வரும் 215/45ஆர்17 அளவைப் போடலாம். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது பக்கச்சுவரின் சதவிகிதம், கடைசி எண் ரிம்மின் அங்குலம். இரண்டு டயர்களின் மொத்த உயரமும் ஏறக்குறைய 63 சென்டிமீட்டர்தான் என்பதால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. மஸ்டாங்கின் சில மாடல்களில் பின் டயர் முன் டயரைவிட அகலம். பனிக்காலத்துக்கு நான்கையும் ஒரே அளவில் போட்டுக்கொண்டால் முன்னும் பின்னும் மாற்றி மாற்றித் தேய்க்கலாம். ஆனால் பெரிய பிரேக் உள்ள கார்களுக்குச் சிறிய ரிம் பொருந்தாமல் போகலாம். காசு கொடுக்கும் முன் கடையில் மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

பழைய டயர் வாங்குபவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 3522 என்றால் 2022-ன் 35-வது வாரம். வரியின் ஆழம் 4 மில்லிமீட்டருக்கு அருகே வந்துவிட்ட டயர் பனிச்சாலைக்கு உதவாது என்பது கனடா போக்குவரத்துத் துறையின் அறிவுரை.

செலவா, சேமிப்பா?

ரிம்மோடு நான்கு டயர் வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும். புதிதாக வேலைக்குப் போனவருக்கு அது பெரிய தொகைதான். ஆனால் பனிக்கால டயர் ஓடும் மாதங்களில் கோடை டயர் தேயாமல் ஓய்வெடுக்கிறது. தனி ரிம் இருந்தால் வருடத்துக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டும் கூலியும் குறையும்.

மாட்டிய பிறகும் வேலை உண்டு. குளிர் 5, 6 டிகிரி கூடினாலே காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ அளவுக்குக் குறையும். மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். முதல் பனி விழுந்ததும், அனுமதி உள்ள ஒரு காலி இடத்தில் மெதுவாக ஓட்டி, பிரேக் போட்டு, கார் எங்கே நிற்கிறது என்று பழகிக்கொள்வது நல்லது. எவ்வளவு நல்ல டயர் போட்டாலும் ஐஸில் வேகம் குறைக்காமல் தப்ப முடியாது. வேகம் இரட்டிப்பானால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கு இந்த எண்கள் எல்லாம் புரிய வேண்டியதில்லை. வீடியோ காலில் பிள்ளை புதுக் காரைச் சுற்றிக் காட்டும்போது, "டயர் மாத்திட்டியாப்பா, நாலும்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

ஸ்கார்பரோ கடையில் தம்பி கடைசியில் நாலும் மாட்டிக்கொண்டு புறப்படுகிறார். கடைக்காரர் கண்ணாடியைத் தட்டிச் சொல்கிறார்:

"நூறு கிலோமீட்டர் ஓடினதும் ஒருக்கா வாங்கோ தம்பி. நட்டு திரும்ப இறுக்கவேணும். அதுக்குக் காசில்லை."