டீசல் எஞ்சின் ஹெட் ஸ்டட்டுகள்: பழையதே போதுமா, புதிது வேண்டுமா?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் மலையைத் தாண்டினால் காற்றில் உப்பு தெரிய ஆரம்பிக்கும். அந்தக் காற்று பயிருக்குச் செய்யும் தீங்கைப் பற்றி இப்பகுதி உழவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கிணற்றடியில் நிற்கும் டீசல் எஞ்சினுக்கு அது செய்யும் கெடுதல், எஞ்சினைப் பிரிக்கும் நாளில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. இத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும். லைனர், ரிங், கேஸ்கட் எல்லாம் புதிதாக வாங்குவோர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்டுகளையும் நட்டுகளையும் மட்டும் மண்ணெண்ணெயில் கழுவி அப்படியே பூட்டிவிடுகிறார்கள். இது சரிதானா?

பயிர் சாகுபடி சொல்லித்தருவதே என் தொழில். எஞ்சின் என் பாடமன்று. ஆயினும் இதை எழுதக் காரணம் உண்டு. பெருமுக்கல் பக்கத்தில் ஒரு நிலக்கடலை வயலுக்குச் சென்றிருந்தேன். விழுது மண்ணில் இறங்கும் பருவம். மண் காய்ந்து இறுகிக் கிடந்தது. நான்கு நாளாக எஞ்சின் ஓடவில்லை. சமீபத்தில்தான் முழுதாகப் பழுது பார்த்த எஞ்சின். ஒரு ஸ்டட் மரைக்கு அருகில் அறுந்து, புதுக் கேஸ்கட் ஊதிப்போயிருந்தது. அறுந்த முகத்தில் பாதி பழைய துருவாகவும், பாதி புது வெள்ளி நிறமாகவும் இருந்தது. அதாவது, பூட்டும்போதே அது பாதி விரிந்திருந்த ஸ்டட். அந்தப் பருவத்தில் தவறிய தண்ணீரைப் பின்னால் எவ்வளவு பாய்ச்சினாலும் ஈடு செய்ய முடியாது.

ஸ்டட் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். டீசல் எரியும் கணத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோ அழுத்தம் என்று கொண்டாலும், ஹெட்டை மேலே தூக்கும் விசை 3 டன் ஆகிறது. நிமிடத்திற்கு 1500 சுற்று ஓடும் நான்கு வீச்சு எஞ்சினில் இந்த அடி நிமிடத்திற்கு 750 முறை, மணிக்கு 45,000 முறை விழுகிறது. இதைத் தாங்குவது நட்டின் பிடிப்பு மட்டுமன்று. நட்டை முறுக்கும்போது ஸ்டட் ரப்பர் போலச் சிறிது நீள்கிறது. 15 சென்டிமீட்டர் நீளமுள்ள நல்ல எஃகு ஸ்டட் சரியாக முறுக்கப்பட்டால் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு வரை நீளும். மீண்டும் சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புதான் ஹெட்டையும் கேஸ்கட்டையும் அமுக்கிப் பிடிக்கிறது. அளவுக்கு மேல் இழுத்துவிட்டால் ஸ்டட் பழைய நீளத்திற்குத் திரும்பாது. அப்படி நீண்டுவிட்ட ஸ்டட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

ஆகவே கேள்விக்கு விடை எஞ்சினைப் பொறுத்தது. நம் கிணறுகளில் உள்ள ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களின் தடித்த ஸ்டட்டுகள், சோதனையில் தேறினால் மீண்டும் பயன்படும். பிற்காலத்து எஞ்சின்கள் சிலவற்றில் போல்ட்டுகளை வேண்டுமென்றே நிரந்தரமாக நீளும் அளவுக்கு முறுக்குகிறார்கள். கையேட்டில் 'இத்தனை டிகிரி மேலும் திருப்புக' என்று இருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். அவற்றைக் கழற்றினால் புதியதே போட வேண்டும். சிக்கனம் பார்க்கக் கூடாது.

சோதனைக்கு லேத்துப் பட்டறை தேவையில்லை. ஸ்டட்டை இரும்புப் பிரஷால் சுத்தம் செய்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். புது நட்டு ஒன்றைக் கையாலேயே மரை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். நடுவில் இறுகினால் அங்கே மரை இழுபட்டிருக்கிறது. ஒரே அளவு ஸ்டட்டுகளைக் கண்ணாடிப் பலகை மேல் நிறுத்தி உயரம் பாருங்கள். ஒன்று மட்டும் ஓங்கியிருந்தால் அது நீண்டுவிட்டது. இடுப்பு மெலிந்திருந்தாலும் கழித்துவிடுங்கள். விரிசல் பார்க்க, மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புத் தூள் பூசி வையுங்கள். விரிசலுக்குள் இருக்கும் எண்ணெய் கோடாக வெளியே கசியும்.

கடலோரத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மேலாக உள்ள செந்துருவால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் நகத்தால் தடவினால் தட்டுப்படும் குழிகள் இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். ஒவ்வொரு குழியும் விரிசல் தொடங்கும் இடம். உப்பு ஏறிய கிணற்று நீரையே குளிர்விக்கப் பயன்படுத்தும் எஞ்சின்களிலும், உப்பளத்தில் உப்புநீர் இறைக்கும் எஞ்சின்களிலும் இதை அதிகம் காணலாம். ஒன்று கெட்டிருந்தால் முழு செட்டையும் மாற்றுவது நல்லது. மற்றவையும் அதே வயது, அதே உப்பு.

மாற்றும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. அறுந்ததைக் கொடுத்து, லேத்தில் அதே அளவுக்குக் கம்பி கடைந்து வாங்கி வருகிறார்கள். அளவு சரியாகத்தான் இருக்கும், எஃகு வேறு. 8.8 என்று முத்திரை உள்ள போல்ட் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 80 கிலோ இழுவை தாங்கும். சாதாரண இரும்புக் கம்பி அதில் பாதிதான் தாங்கும். எஞ்சின் கம்பெனி ஸ்டட்டையே கேட்டு வாங்குங்கள். நட்டையும் வாஷரையும் கூடவே மாற்றிவிடுங்கள்.

பூட்டுமுன் பிளாக்கில் உள்ள ஓட்டைகளைத் துடைத்து உலர்த்த வேண்டும். அடைபட்ட ஓட்டையில் எண்ணெயோ நீரோ நின்றால், முறுக்கும்போது அது நசுங்க இடமின்றி பிளாக்கையே வெடிக்கச் செய்யும். மரைக்கும் நட்டின் அடிப்பக்கத்துக்கும் கையேட்டில் சொன்னபடி சிறிது எண்ணெய் தடவுங்கள். நாம் முறுக்கும் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடுகிறது. மரை துருவோடு இருந்தால் ஸ்பேனர் இறுகியதாகச் சொல்லும். ஸ்டட்டில் இழுப்பே ஏறியிருக்காது.

நட்டுகளை எதிரெதிராக, மூன்று தவணையில் முறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் வைத்திருக்கும் மெக்கானிக்கைத் தேடிப் பிடியுங்கள். 12 மில்லிமீட்டர் 8.8 போல்ட்டுக்குச் சுமார் 8 கிலோ-மீட்டர் முறுக்கு போதும். அதாவது, 30 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 27 கிலோ இழுப்பு. ஸ்பேனரில் ஒரு மீட்டர் குழாயைச் செருகி அதே பலத்தில் இழுத்தால் முறுக்கு மூன்று மடங்குக்கு மேல் ஏறி, நல்ல ஸ்டட்டும் கெட்டுப்போகும். பலசாலி ஆளை அழைத்து முறுக்கச் சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை.

ஓட்ட ஆரம்பித்த பின் குளிர்விக்கும் நீரில் குமிழி வந்தாலோ, எண்ணெய் பால் போல வெளுத்தாலோ, கேஸ்கட் ஓரத்தில் கரிக்கோடு தெரிந்தாலோ உடனே நிறுத்துங்கள். புதுக் கேஸ்கட் சிறிது அமுங்கும். ஆகவே கையேட்டில் மறுமுறை இறுக்கச் சொல்லியிருந்தால், அதில் கண்ட நேரம் ஓட்டிய பின், அது சொல்லும் முறைப்படியே இறுக்க வேண்டும். ஹெட்டை இறுக்கியதும் டேப்பட் இடைவெளி மாறிவிடும். அதையும் அன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள்.